சந்தர்ப்பம் பார்த்து ஒட்டும் பாக்டீரியா

காலையில் எழுந்தவுடன், பல் துலக்குவதற்கு முன், நாக்கின் நுனியால் பற்களை ஒருமுறை தடவிப் பாருங்கள். முந்தின இரவு துலக்கியபோது கண்ணாடிபோல் வழவழவென்று இருந்த பற்களின்மேல் இப்போது மெல்லிய மாவு பூசினாற்போல் ஏதோ படிந்திருக்கும். தின்ற சோற்றின் மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் உயிருள்ள படலம். எண்ணிலடங்காத பாக்டீரியாக்களும், அவை தாமே சுரந்த கோந்தும் சேர்ந்து உண்டானது. இரவெல்லாம் எச்சில் ஊறியும், எத்தனையோ முறை விழுங்கியும் அவை தொண்டைக்குள் அடித்துச் செல்லப்படவில்லை. ஏன்? அவை பல்லைப் பற்றிக்கொண்டிருக்கின்றன.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த ஆன்டன் வான் லீவன்ஹாக், 1683-ஆம் ஆண்டில் இந்தப் படலத்தைத் தம் பல்லிலிருந்து சுரண்டி, தாமே தேய்த்துச் செய்த லென்ஸின் வழியாகப் பார்த்தார். துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டு வியந்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்தால் அவை செத்துவிடுமா என்றும் சோதித்தார். சுரண்டி எடுத்த படலத்தை வினிகரில் கலந்தால் அவை மடிந்தன. ஆனால் வாயைக் கொப்பளித்தபோது, படலத்தின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன; உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. இந்தச் சிறு குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, வாயில் அல்ல, மனித மூளையிலும் இதயத்திலும் இதே கதையை மருத்துவர்கள் சந்திக்க நேர்ந்தது.

நம் தோலின்மீது வாழும் பாக்டீரியாக்களில் ஒன்றின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். பெயர் நீளம், ஆள் மிகச் சிறியது. விட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தலாம். உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருப்பதால், 1880-களில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இந்தக் குடும்பத்துக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். குடும்பத்தில் பொன்னிறக் கூட்டமாக வளரும் ஒரு வகை கொடியது. சீழ்க்கட்டியும் வேறு பல நோய்களும் உண்டாக்கும். வெள்ளையாக வளரும் எபிடெர்மிடிஸ் சாது. இந்தக் கணத்தில் உங்கள் கையிலும் நெற்றியிலும் அது இருக்கிறது. உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டு, கொடிய கிருமிகள் குடியேறாமல் தடுப்பதால் ஓரளவு உதவியும் செய்கிறது.

இத்தகைய பாக்டீரியா, சரியான வாய்ப்புக் கிடைத்தால் மட்டும் நோய் உண்டாக்கும். அதனால் இவற்றைச் சந்தர்ப்பவாத பாக்டீரியா என்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பெயர் சற்று அநியாயம். காலரா கிருமி நம்மைத் தேடி வந்து தாக்குகிறது என்று சொல்லலாம். எபிடெர்மிடிஸோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோலில் ஊசி குத்தியோ கத்தி வைத்தோ கதவைத் திறந்துவிடுபவர்கள் நாம்தாம்.

அப்படி ஒரு கதவு திறந்த வரலாற்றைக் கேளுங்கள். மூளைக்குள் உள்ள அறைகளில் ஒரு தெளிந்த திரவம் நாள்தோறும் சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர். சுரந்தது வடிந்து இரத்தத்தில் கலந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு வடிகால் அடைபட்டு, திரவம் தேங்கி, மூளையை நெருக்கித் தலை பருத்துவிடும். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற தொழில்நுட்பருக்குப் பிறந்த ஆண்குழந்தைக்கு இந்த நோய் இருந்தது. அவர் மருத்துவர் அல்லர். எந்திர வேலை தெரிந்தவர். திரவம் ஒரு பக்கமாக மட்டும் ஓடக்கூடிய வால்வு இருந்தால் மூளையிலிருந்து அதை இரத்தக் குழாய்க்குள் வடித்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லக் கேட்டு, சிலிக்கோன் குழாயைக் கொண்டு அத்தகைய வால்வை உருவாக்கினார். 1956-இல் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதுவரை பிழைக்க வழியில்லாத குழந்தைகள் பிழைத்தார்கள். (சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும் கதையை எழுதிய ரோல்ட் டாலும், விபத்தில் தலையில் அடிபட்ட தம் மகனுக்காக, ஒரு பொறியாளரையும் ஓர் அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு 1960-களின் தொடக்கத்தில் இன்னொரு வால்வு செய்தார்.)

ஆனால் குழாய் பொருத்திய குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கொடுத்தால் தணியும், நிறுத்தினால் திரும்பும். குழாயை எடுத்துவிட்டால்தான் நிற்கும். எடுத்தாலோ மூளையில் மறுபடியும் திரவம் தேங்கும். 1972-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பேய்ஸ்டன், பென்னி என்ற இருவர், இத்தகைய குழாய்களில் இருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஏராளமான வழுவழுப்பான கோழையைச் சுரப்பதைக் கவனித்து எழுதினார்கள். காய்ச்சலுக்குக் காரணமாக இருந்தது பெரும்பாலும் நம் சாது எபிடெர்மிடிஸ்தான்.

சிலிக்கோன் மிகவும் வழவழப்பான பொருள். எதனுடனும் எளிதில் ஒட்டாது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் பொதுவாக எதிர்மின்னேற்றம் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களின் மேற்பரப்பும் நீரில் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். பின் எப்படி அது அங்கே போய் உட்கார்ந்தது?

முதல் கட்டம் வெறும் பௌதிகம். திரவத்தின் ஓட்டத்திலோ மூலக்கூறுகளின் இடிபாட்டிலோ பாக்டீரியா பரப்பின் அருகே வந்து சேர்கிறது. சில பத்து நானோமீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டால், எல்லாப் பொருள்களுக்கும் இடையே உள்ள வான் டர் வால்ஸ் ஈர்ப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. விலக்கும் ஈர்ப்பும் போட்டியிட, பாக்டீரியா பரப்பின்மேல் அரைமனத்தோடு மிதந்து நிற்கிறது. இந்த நிலையில் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். இதற்கு அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. உதவிக்கு வருவது நம் உடம்பேதான்.

ஒரு பிளாஸ்டிக் குழாய் இரத்தத்தைத் தொட்ட சில நிமிடங்களுக்குள் அதன்மேல் இரத்தத்தின் புரதங்கள் வந்து படிந்துவிடும். அவற்றுள் முக்கியமானது ஃபைப்ரினோஜன். உங்கள் முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டு இரத்தம் உறைகிறதல்லவா? அந்த உறைவுக்கு நூல் கொடுக்கும் புரதம் இது. புண்ணைக் காக்க வேண்டிய இந்த நூல், அந்நியப் பொருளான குழாயின்மேல் பாய் விரித்தாற்போல் படிகிறது. ஆகவே பாக்டீரியா தொடுவது சிலிக்கோனை அல்ல. அதன்மேல் விரிந்த மனிதப் புரதத்தை. அதைப் பிடிக்கும் கையோ அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் கையும் ஒரு புரதமே. எஸ்டிஆர்ஜி என்று பெயர். பாக்டீரியாவின் செல்சுவரில் நட்டுவைத்த கம்பம்போல் நீண்டிருக்கும். அதன் தலைப்பகுதியில் இரண்டு கட்டிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. ஃபைப்ரினோஜனின் நுனி நூல்போல் அந்தப் பள்ளத்துக்குள் நுழைகிறது. நுழைந்ததும், கம்பத்தின் ஒரு பட்டை பள்ளத்தின் குறுக்கே மடிந்து, தாழ்ப்பாள் போட்டதுபோல் மூடிக்கொள்கிறது. 2003-ஆம் ஆண்டில் படிக ஆய்வின் மூலம் இந்த அமைப்பை வெளிப்படுத்தியவர்கள் அதற்கு இட்ட பெயரே ‘நுழை, பூட்டு, தாழிடு’ என்று பொருள்படும்.

தாழ்ப்பாள் எவ்வளவு உறுதி? 2018-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் இருந்த ஆய்வாளர்கள், ஒற்றை மூலக்கூறைப் பிடித்து இழுக்கும் கருவியால் இதை அளந்தார்கள். பிணைப்பை அறுக்க 2 நானோநியூட்டனுக்கும் மேல் விசை தேவைப்பட்டது. புரதங்களுக்கு இடையே அதுவரை உறுதிக்குப் பேர்போன பிணைப்புகளைப்போல் பத்து மடங்கு! அணுக்களை இணைத்து மூலக்கூறாக்கும் வேதிப் பிணைப்போடு ஒப்பிடத்தக்க வலிமை இது.

2 நானோநியூட்டன் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். உருண்டையின் கன அளவு காணும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து நிறையையும், நிறையிலிருந்து எடையையும் கண்டுபிடியுங்கள். 2 நானோநியூட்டனை அந்த எடையால் வகுத்தால் விடை மூன்று லட்சத்துக்கும் மேல் வரும். அதாவது, ஒரே ஒரு மூலக்கூற்றின் பிடி, மூன்று லட்சம் பாக்டீரியாக்களைத் தொங்கவிட்டாலும் தாங்கும். ஒரு பாக்டீரியாவின் மேலோ இத்தகைய கம்பங்கள் பல இருக்கின்றன.

உறுதியின் இரகசியம் இழுக்கும் திசையில் இருக்கிறது. நூல் பள்ளத்தின் நெடுக ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கிறது. நீளவாட்டத்தில் இழுக்கும்போது அந்தப் பிணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிவதில்லை. அத்தனையும் ஒருசேர அறுபட வேண்டும்.

குழாயைப் பற்றி இவ்வளவு பார்த்தோம். உயிருள்ள செல்லைப் பாக்டீரியா எப்படிப் பிடிக்கிறது? இதற்கு எஷரிக்கியா கோலி நல்ல எடுத்துக்காட்டு. பெருங்குடலில் அது குடியிருப்பது இயல்பு. வழிதவறிச் சிறுநீர்ப்பைக்குள் போனால் எரிச்சலும் காய்ச்சலும்தான். சிறுநீர்ப்பை நாளுக்குப் பலமுறை நிரம்பிக் காலியாகிறது. வெள்ளம் பாயும் அந்த இடத்தில் ஒருவன் நிலைத்து நிற்க வேண்டுமானால் பிடி வேண்டும். கோலியின் உடலைச் சுற்றிச் சில நூறு மயிரிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 நானோமீட்டர் பருமன். இழையின் நுனியில் ஃபிம்-ஹெச் என்ற சிறு புரதம். சிறுநீர்ப்பைச் செல்களின் மேற்பரப்பில் உள்ள மேனோஸ் என்னும் சர்க்கரையை அது கண்டுபிடித்துக் கவ்வுகிறது. மேனோஸ் கரைசலைச் சேர்த்தால் கோலி ஏமாந்து, கரைந்திருக்கும் சர்க்கரையைக் கவ்விக்கொண்டு செல்லை விட்டுவிடும் என்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது.

2002-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். ஒட்டியுள்ள கோலியின்மேல் திரவத்தை வேகமாக ஓடவிட்டால் அது இன்னும் இறுகப் பிடிக்கிறது! வேகத்தைக் குறைத்தால் பிடி தளர்ந்து உருண்டு நகர்கிறது. கிணற்றில் நீர் இறைக்கும் குடத்தின் கழுத்தில் சுருக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? குடத்தில் நீர் நிறைந்து கனக்கக் கனக்கச் சுருக்கு இறுகும். தரையில் வைத்தால் தளர்ந்துவிடும். ஃபிம்-ஹெச் அப்படிப்பட்ட சுருக்கு. இழுவிசை அதன் வடிவத்தை மாற்றி, சர்க்கரையை இன்னும் கெட்டியாகப் பிடிக்கச் செய்கிறது. இழையும் சுருள்வில்போல் நீண்டு கொடுத்து, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. வெள்ளம் வரும்போது பிடித்துக்கொள்வதும், ஓய்ந்தபோது புது இடம் தேடி நகர்வதும் அதற்கு ஒரே கருவியால் முடிகிறது.

சிறுநீர் கழிக்க இயலாத நோயாளிக்கு ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாய் செருகியிருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் வரை சிறுநீரில் பாக்டீரியா புகுந்துவிடுகிறது. ஒரு மாதம் இருந்தால் பெரும்பாலோருக்கும் புகுந்துவிடும். அங்கேயும் உராய்வினால் கசியும் ஃபைப்ரினோஜன் குழாயின்மேல் படிந்து, என்டெரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவுக்குப் பாய் விரிக்கிறது.

ஒட்டிக்கொண்டவன் சும்மா இருப்பதில்லை. பெருகுகிறான். எபிடெர்மிடிஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன கோந்தைச் சுரக்கிறது. நண்டின் ஓட்டில் உள்ள கைட்டின் எந்தச் சர்க்கரையால் ஆனதோ, அதே வகைச் சர்க்கரைதான் இதிலும். இணைப்பு மட்டும் வேறு விதம். இந்தக் கோந்து பாக்டீரியாவைக் குழாயோடும், பாக்டீரியாவைப் பாக்டீரியாவோடும் ஒட்டி, அடுக்கடுக்கான உயிர்ப்படலமாக வளர்க்கிறது. நாள்பட்ட தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் விரல் வழுக்குகிறதே, அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பாடப்புத்தகப் படங்களில் பாக்டீரியா தன்னந்தனியே நீந்திக்கொண்டிருக்கும். அந்தப் படம்தான் மருத்துவர்களை நெடுங்காலம் ஏமாற்றியது என்று சொல்வேன். கனடா நாட்டு நுண்ணுயிரியலார் வில்லியம் காஸ்டர்டன், இயற்கையில் பெரும்பாலான பாக்டீரியா ஒட்டித்தான் வாழ்கிறது என்று 1978 முதல் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். 1982-இல் அவரும் தோழர்களும், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியின் கம்பியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மருந்து கொடுத்தும் தொற்று விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கம்பி அது. அதன்மேல் கோந்தில் புதைந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கூட்டம் தடித்த போர்வையாகப் படிந்திருந்தது.

மருந்து ஏன் தோற்றது? கோந்து மருந்தை வழிமறிக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். ஓரளவுக்கே அது உண்மை. பல மருந்துகள் உள்ளே நுழைந்துவிடுகின்றன. பெரிய காரணம் வேறு. படலத்தின் அடியில் இருப்பவற்றுக்கு உணவும் ஆக்சிஜனும் குறைவு. அவை வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கிடக்கின்றன. பெனிசிலினோ, பாக்டீரியா புதிதாகச் சுவர் கட்டும்போது அந்த வேலையைக் கெடுத்துக் கொல்வது. கட்டட வேலையே நடக்காத இடத்தில் அது எதைக் கெடுக்கும்? 1944-இலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜோசஃப் பிக்கர், பெனிசிலினில் ஊறியும் சாகாத சில ஸ்டாஃபிலோகாக்கஸ்களைக் கண்டு, அவற்றை ‘விடாப்பிடிக்காரர்’ என்னும் பொருளில் பெயரிட்டிருந்தார். மருந்து நின்றதும் இவை விழித்தெழுகின்றன, காய்ச்சல் திரும்புகிறது. பாக்டீரியாவை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்களாலும் கோந்தில் புதைந்த கூட்டத்தை எளிதில் விழுங்க முடிவதில்லை.

ஆகவே படலம் வளர்ந்த பிறகு போராடுவதைவிட, ஒட்டும் முன்பே தடுப்பதுதான் வழி. எலும்பு அறுவை மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா 1987-இல் இதை ஓர் ஓட்டப்பந்தயம் என்று வருணித்தார். செயற்கை மூட்டு ஒன்றைப் பொருத்தியதும் அதன் பரப்பைப் பிடிக்க நம் திசுச் செல்களும் பாக்டீரியாவும் போட்டியிடுகின்றன. நம் செல்கள் முதலில் போய்ச் சேர்ந்தால் மூட்டு நிலைக்கும்.

பந்தயத்தில் எதிரியின் எண்ணிக்கையைக் குறைப்பது எளிய வேலை, கவனம்தான் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைச் செய்து பார்த்தன. பெரிய இரத்தக் குழாயில் குழாய் செருகுமுன் கை கழுவுதல், உடல் முழுதும் மூடும் தூய துணி, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடைப் பகுதியைத் தவிர்த்தல், வேண்டாத குழாயை உடனே எடுத்துவிடுதல்: இவ்வளவுதான். 2006-இல் முடிவுகள் வெளியாயின. ஆயிரம் குழாய்-நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றுகூடக் கிடையாது.

மூளைக் குழாய்க்கு வருவோம். 1972-இல் கோழையைக் கவனித்த அதே ரோஜர் பேய்ஸ்டன், பிறகு சிலிக்கோனுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் மருந்தை ஊறவைக்கும் முறையை உருவாக்கினார். மருந்து வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து பரப்புக்கு வரும். ஒட்டிய பாக்டீரியா கோந்து சுரந்து உறங்கப் போவதற்குள் அதைக் கொன்றுவிடும் என்பது கருத்து. வேறு சிலர், கிருமிகளைக் கொல்லும் வெள்ளியைக் குழாயில் சேர்த்தார்கள். இரண்டில் எது மேல்? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏறத்தாழ 1,600 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் குழாய் பொருத்தியவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத் தொற்று வந்தது. வெள்ளி சேர்த்த குழாயிலும் நூற்றுக்கு 6. மருந்து ஊறிய குழாயில் நூற்றுக்கு 2.